பீச்சாங்கைக்கு முதலிடம்

தம்பி ஜெயித்தவற்றை வரிசையாகச் சொல்வதானால் அவன் பிறப்பிலிருந்தே தொடங்க வேண்டும். ஏழாம் மாதத்தில் பிறந்தான். எடை ஒன்றேகால் கிலோ. தேறாது என்று டாக்டரே அப்பாவிடம் சொன்னார். தேறினான். ஆறு வயதில் மாடிப்படியில் பதினான்கு படி உருண்டு, எழுந்து, மிச்சமிருந்த இரண்டு படியை நடந்து இறங்கினான். ஒரு கடைத் திறப்பு விழாவின் குலுக்கலில், மூவாயிரம் சீட்டுக்கு நடுவே ஒரே ஒரு சீட்டை வைத்துக்கொண்டு குக்கர் ஜெயித்தான். அது இன்னும் விசில் அடிக்கிறது. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் ஒரு வேலைக்கு இருபத்திரண்டு பேர் வந்து நின்ற அன்று, ஈரத்துணி மூட்டை ஒன்றைத் தூக்கிப் பார்த்து, "நாப்பத்தி ஒண்ணரை" என்றான். தராசும் அதையே சொன்னது. வேலை கிடைத்தது. 'கிலோ' என்ற பெயரும் அன்றே ஒட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு ஹெவிவெயிட் குத்துச்சண்டை பற்றி அந்தக் கூடத்தில் நடந்த விவாதங்களில் அவன் ஜெயித்தவை எழுபதுக்குக் குறையாது.

இந்தக் கணக்கெல்லாம் அக்காவுக்கு அத்துப்படி. அதே சலவைக்கூடத்தில் கிழிசல் தைப்பவள் அவள். கிழிந்தவை இடது பக்கம், தைத்தவை வலது பக்கம். இருபது வருஷமாக அந்த ஒழுங்கு மாறியதில்லை. தைத்ததை நாலாக மடித்து, ஓரம் ஓரத்தோடு பொருந்துகிறதா என்று விரலால் தடவிப் பார்த்த பிறகுதான் அடுக்குவாள். குத்துச்சண்டையில் அவளுக்குத் துளியும் விருப்பம் கிடையாது. ஆனால் காது இருக்கிறதே, என்ன செய்வது?

தம்பி ஜெயிக்காதது ஒன்றே ஒன்றுதான். எழுத்து. இடது கையால் எழுதுகிறான் என்று ஒன்றாம் வகுப்பு வாத்தியார் அந்தக் கையைக் கைக்குட்டையால் பெஞ்சோடு கட்டிவைத்தார். அன்று மாலை சிலேட்டைக் கீழே வைத்தவன் திரும்ப எடுக்கவேயில்லை. எண்கள் மட்டும் தராசைப் பார்த்துப் பார்த்து வந்துவிட்டன. இந்த விஷயம் அக்காவைத் தவிர யாருக்கும் தெரியாது. வேலைக்கு வந்ததைப் பதிவது ரேகை மெஷின். அதற்கு விரல் போதும், எழுத்து வேண்டாம். மற்றக் காகிதங்களை அக்கா பார்த்துக்கொண்டாள்.

டிரையர்களுக்குப் பின்னால் ஒரு படுக்கை விரிப்பு தொங்கும். இஸ்திரி உருளையில் சிக்கி நடுவே கைப்பிடி அகலத்துக்குப் பொசுங்கிப்போனதால் கழித்துக்கட்டிய விரிப்பு. அதன் மேல், வார்டு நம்பர் போடும் அழியாத மையால், உலக ஹெவிவெயிட் வீரர்கள் பத்துப் பேரின் பெயர்கள் தரவரிசைப்படி இருக்கும். சொந்தப் பெயர்கள் வாயில் நுழையாததால் கூடத்தில் வைத்த பெயர்கள்தான். அடித்தாலும் அசையாதவன் பீரோ. தாடையில் ஒன்று பட்டாலே சரிபவன் கண்ணாடி. சண்டையைத் தள்ளித் தள்ளிப் போடுகிறவன் அடுத்தமாசம். அவனைப் பற்றிக் கேட்டபோது அக்காகூட ஒரே ஒரு தடவை வாயைத் திறந்து, "நம்ம வீட்டு பிளம்பர் மாதிரி" என்றாள்.

யாருடைய வாதம் ஜெயிக்கிறதோ அவர் தன் கையாலேயே பட்டியலைத் திருத்தி, பக்கத்தில் கையெழுத்தும் போட வேண்டும். இது பாய்லர்க்காரர் கொண்டுவந்த சட்டம். கண்ணாடியை இரண்டாம் இடத்தில் போட்ட, வார்டுகளுக்குத் துணி கொண்டுபோகும் வேன்காரர், கண்ணாடி நாற்பது நொடியில் படுத்ததும், "நான் எங்க சொன்னேன்?" என்று சாதித்ததால் வந்த சட்டம் அது.

கிலோ ஒவ்வொரு தடவையும் ஜெயிப்பான். ஒவ்வொரு தடவையும், "என் கை ஈரம்ணே, நீங்களே போட்டுடுங்க" என்பான். ஆக, விரிப்பில் இருந்த கெட்டிக்கார முடிவுகள் எல்லாம் வேன்காரர் கையெழுத்திலும் பாய்லர்க்காரர் கையெழுத்திலும் இருந்தன. விரிப்பைப் பார்க்க வருகிறவர்களிடம் வேன்காரர் தன் கையெழுத்துகளைத் தொட்டுத் தொட்டுக் காட்டுவார். அதைப் பார்க்கும்போதெல்லாம் அக்காவுக்கு ஊசி விரலில் ஏறும்.

அந்த வியாழக்கிழமை டீ நேரத்தில் பேச்சு சூடாகவே தொடங்கியது.

"நாலு சங்கம், நாலு பெல்ட்டு, நாலு சாம்பியன்" என்றார் வேன்காரர். "இதுல யாரு நெஜ சாம்பியன்?"

"பெல்ட்டு இல்லாமயே எவன் பேண்ட்டு நிக்குதோ அவன்" என்றார் பாய்லர்க்காரர். "இப்ப ஹெவிவெயிட்டே நோஞ்சானாப் போச்சுப்பா. ஒருத்தனுக்கு நாப்பத்தோரு வயசு, ஒருத்தனுக்கு முட்டி வலி. ஞாயித்துக்கிழமை பீரோ கூட மோதப்போறவனப் பாரு, நம்ம லிஸ்ட்லயே இல்லாத பீச்சாங்கை."

பீச்சாங்கை என்றது ஒரு இடது கைக்காரனை. போன வருஷம் வரை லாரியிலிருந்து ஃபிரிட்ஜ் இறக்கும் வேலையில் இருந்தவன் என்று கேள்வி.

"அவனை முதல் இடத்துல போடணும்" என்றான் கிலோ.

டிரையர் ஒன்று நின்று மணி அடித்தது. யாரும் போகவில்லை.

"பத்துலயே இல்லாதவன ஒண்ணுலயா?" என்றார் வேன்காரர். "ஏம்ப்பா, டீயில என்ன கலந்து குடிச்ச?"

"பீரோ நூத்தி இருபது கிலோன்னு சொல்றாங்க. பொய். வீடியோ பாத்தேன், நூத்தி முப்பத்திரண்டு. மேடைப் படி ஏறும்போது கைப்பிடியப் பிடிக்கிறான். பீரோவுக்கு எதுக்குண்ணே கைப்பிடி? அப்புறம், வலது கைக்காரங்ககிட்டயே அடி வாங்கிப் பழகினவன் அவன். பீச்சாங்கையோட அடி எந்தப் பக்கத்துலேந்து வருதுன்னு யோசிக்கறதுக்குள்ள மூக்கு வீடு மாறிடும்."

பாய்லர்க்காரர் டம்ளரைக் கீழே வைத்தார். "சரி, ஜெயிச்சுட்ட. ஆனா இந்தக் கிறுக்குத்தனத்துக்கு நாங்க யாரும் கையெழுத்துப் போடமாட்டோம். நீயே எழுது, நீயே போடு. சனிக்கிழமை மதியத்துக்குள்ள போடலைன்னா, இது நீ சொன்னதும் இல்ல, நாங்க கேட்டதும் இல்ல."

"கை ஈரம்ணே."

"பதினோரு வருஷமா காயாத கை என்னப்பா கை? டிரையர்ல போடு."

எல்லோரும் சிரித்தார்கள். கிலோவும் சிரித்தான். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. பேசாமல் இருந்தால் தம்பியின் ஆகப்பெரிய முடிவு ஊர்பேர் இல்லாமல் போகும். பேசினால் இத்தனை வருஷம் மூடிவைத்த குட்டு வெளிப்படும். அவன் தலை குனிந்து நிற்பதை வேன்காரர் பார்ப்பதா?

பஸ்ஸில் வீடு திரும்பும்போது, "நானே ராவோட ராவா எழுதிடவா?" என்றாள்.

"வேண்டாம்க்கா."

"உன் பேரை நூல்ல தைச்சுடறேன்டா. துணிதானே? தைச்சதும் கையெழுத்துதான்."

"விடுக்கா. நான் பாத்துக்கறேன்."

எதைப் பார்ப்பான்? தம்பி சொல்வதைக் கேட்கிற அக்காவாக இருந்தால் அவள் ஏன் அக்கா? சனிக்கிழமை எல்லோருக்கும் முன்னால் போய் விரிப்பை இறக்கினாள். சிவப்பு நூலும் கோத்தாயிற்று. அப்போதுதான் நடுவில் இருந்த பொசுங்கல் ஓட்டை கண்ணில் பட்டது. ஓட்டை உள்ள துணியில் தம்பி பெயரைத் தைப்பதா? முதலில் ஓட்டைக்கு ஒட்டுப் போட்டாள். நாலு பக்கமும் மடித்து, இரட்டைத் தையல் ஓட்டி, பிசிறு வெட்டி முடித்தாள். அந்த நேரம் பார்த்து சூப்பர்வைசர் கூப்பிட்டார். கை தன் பாட்டுக்கு விரிப்பை நாலாக மடித்தது, ஓரத்தைத் தடவியது, வலது பக்கம் அடுக்கியது.

பத்து நிமிஷம் கழித்து வந்தபோது வலது பக்கம் காலி. வேன் போய்விட்டது. கிணறு வெட்டப் போய்ப் பூதம் கிளம்பிய கதைதான்.

அக்காவும் தம்பியும் வேன்காரரும் வார்டு வார்டாகத் தேடியதில், உலக ஹெவிவெயிட் பட்டியல் எலும்பு முறிவு வார்டில், பதினான்காம் கட்டிலில் கிடைத்தது. அதன் மேல் ஒரு லிஃப்ட் மெக்கானிக் படுத்திருந்தார். முப்பது வருஷம் லிஃப்டிலிருந்து விழாதவர், வீட்டு ஸ்டூலிலிருந்து விழுந்து கால் ஒடிந்தவர். மாவுக்கட்டோடு கால் கயிற்றில் தொங்கியது.

"சிஸ்டர், இந்த விரிப்ப மட்டும் மாத்திக்கறோம்" என்றாள் அக்கா.

"மூணு மணி வரைக்கும் அந்தக் கால அசைக்கவே கூடாது" என்றார் நர்ஸ்.

மெக்கானிக் தொடைக்குப் பக்கத்தில் விரலை வைத்தார். "இத எழுதினது நீங்கதானா? காலைலேந்து படிச்சுட்டிருக்கேன். ஆறாவதா இருக்கற இந்த மாமியார் யாரு?"

"கட்டிப்பிடிச்சா விடமாட்டான் சார்" என்றான் கிலோ. "மேலயே சாஞ்சுக்கிட்டு, பன்னெண்டு ரவுண்டும் குடும்ப விஷயம் பேசற மாதிரியே நிப்பான்."

"அட, அவனா?" மெக்கானிக் சிரித்ததில் கயிறு ஆடியது. நர்ஸ் முறைத்தார்.

வேன்காரர் போனை நீட்டிப் பிடித்திருந்தார். அதில் பாய்லர்க்காரர் முகம். பாய்லரை விட்டு வர முடியாததால் வீடியோவில் சாட்சி. "மணி பதினொண்ணே கால். எழுதறானா இல்லையா?"

மெக்கானிக்குக்கு விவரம் சொல்லப்பட்டது. பீச்சாங்கைக்கு முதலிடம் என்றதும் அவர் எழுந்து உட்காரவே பார்த்தார். முடியாததால் படுத்தபடியே எதிர்த்தார். கிலோ எடையைச் சொன்னான், கைப்பிடியைச் சொன்னான், மூக்கைச் சொன்னான். ஐந்தே நிமிஷம். "எழுதுய்யா" என்று மெக்கானிக் தன் இடுப்பை அரை அங்குலம் நகர்த்தி இடம் விட்டார்.

அக்கா முன்னால் வந்தாள். "நான் எழுதறேன். அவன் கை ஈரம்."

"அம்மா, நீங்க கொஞ்சம் சும்மா இருங்க" என்றது போன்.

"கை காஞ்சுடுச்சுக்கா" என்றான் தம்பி.

சட்டைப் பையிலிருந்து வார்டு நம்பர் போடும் மைப்பேனாவை எடுத்தான். மூடியெல்லாம் பல் தடம். கட்டில் ஓரம் மண்டியிட்டு, இடது கையால், பட்டியலுக்கு மேலே 1 என்று போட்டு, அதன் பக்கத்தில் முஷ்டி மாதிரி ஏதோ வரைந்தான். அது பீச்சாங்கையாம். அப்புறம் நாக்கைக் கடித்துக்கொண்டு ஒரு பெயரை எழுதினான். கிலோ என்று அல்ல. அப்பா வைத்த பெயரை, முழுசாக. கடைசி எழுத்தின் வால் போகக்கூடாத பக்கம் போய்ச் சுருண்டது.

அக்கா அந்த வாலையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதை அவளுக்குத் தெரியும். ஏழு மாதமாகத் தலையணை உறைகளின் உட்பக்கம், எழுத்தென்றே தெரியாத கிறுக்கலின் கடைசியில், அந்த வால் வந்துகொண்டிருந்தது. எந்த வார்டில் எந்தப் பைத்தியம் கிறுக்குகிறதோ என்று திட்டிக்கொண்டே, ஒவ்வொன்றையும் வெட்டி எடுத்து வெள்ளை ஒட்டுப் போட்டவள் அவள்தான். ஒரு நாள் சாப்பிடும்போது இவனிடமே சொல்லிப் புலம்பினாள். "பாவம், யாரோ நோயாளியா இருக்கும்" என்று இவனும் சாதத்தைப் பிசைந்தான்.

"டேய், அந்தப் பைத்தியம்..."

"நான்தாங்க்கா. அடையாள அட்டையப் பாத்துப் பாத்துப் போட்டேன்."

"நாப்பத்திமூணு உறைடா."

"நாப்பத்தஞ்சு. ரெண்டு உன் கண்ணுல படல."

எழுதிப் பழகியதைத் தன்னிடமே ஏழு மாதம் மறைத்ததைக்கூட அவள் மன்னித்துவிட்டாள். அந்த இரண்டு உறைகள் மட்டும் இன்றுவரை மனதை அரிக்கின்றன.

வேன்காரர் குனிந்து கையெழுத்தைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார். இத்தனை வருஷத்து ஈரக் கை அவருக்கு மெதுவாக விளங்கியது. போனை இன்னும் பக்கத்தில் கொண்டுபோனார். "நல்லாத் தெரியுதாண்ணே?"

"தெரியுது" என்றார் பாய்லர்க்காரர். "வால் கொஞ்சம் நீளம். இருக்கட்டும். செல்லும்."

சனிக்கிழமை மாலை எடை பார்த்தார்கள். பீரோ சரியாக நூற்று முப்பத்திரண்டு. ஞாயிற்றுக்கிழமை அந்த நூற்று முப்பத்திரண்டு கிலோவும் ஒரே அடியாக வந்து விழுந்ததில், இரண்டாம் சுற்றிலேயே பீச்சாங்கை மல்லாந்தான். மூக்கு வீடு மாறியது உண்மைதான். ஆனால் மாறியது அவன் மூக்கு.

விரிப்பு துவைத்து வந்ததும் பட்டியலை வேன்காரர் திருத்தினார். கையெழுத்தும் போட்டார். ஆனால் கிலோவின் பெயரைத் தொடவில்லை. தொட்டாலும் போகாது, கொதிநீரில் நாற்பது தடவை வெந்தாலும் போகாத மை அது. ஜெயித்த எழுபது விவாதமும் அடுத்தவர் பெயரில் கிடக்க, தோற்ற ஒன்று அவன் பெயரில் நிற்கிறது. பார்க்க வருகிறவர்களுக்கு அதைத்தான் அவன் முதலில் காட்டுகிறான். அக்கா அந்த இடத்தைச் சுற்றிப் பிசிறு வராமல் சிவப்பு நூலில் ஒரு ஓரம் அடித்து, விட்டுப்போன தேதியை அதன் கீழே தைத்துவைத்திருக்கிறாள்: 9-3-2019, சனிக்கிழமை.