நான் எப்ப அழுதேன்?

பெருமாட்டி ஊர்ப் பக்கம் எங்கள் தென்னந்தோப்பில் வேலைக்கு வருகிறவர்களுக்குப் பேப்பர் கப்பில்தான் காப்பி. வீட்டு ஆட்களுக்கு எவர்சில்வர் டம்ளர். "சுத்தம் அம்மிணி, ஒருத்தருக்கொருத்தரு சீக்கு ஒட்டாது" என்பார் பெரியப்பா. நானும் பல வருஷம் அதை நம்புகிற மாதிரி நடித்தேன்.

பிறகு அதையே கதையாக எழுதினேன். தென்னைக்குத் தண்ணீர் பாய்ச்சும் அக்கா, கப்பைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணீர் விடுவதாக முடித்திருந்தேன். எனக்கே அழுகை வந்தது. அந்தப் பெருமையில், எங்கள் தோப்பில் தண்ணீர் பாய்ச்சும் அந்த அக்காவிடமே படித்துக் காட்டினேன்.

"நான் எப்ப அழுதேனுங்க அம்மிணி?" என்றார். "எனக்குக் கோவந்தானுங்க வந்துச்சு. வாய மூடிட்டு நின்னேன்."

எங்கள் வீட்டுப் பேச்சில் அவர் எப்போதும் 'பாவம்'. கதையிலும் நான் அதைத்தான் செய்து வைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது. வாய் திறந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று கேட்டேன். நிறையச் சொன்னார். கண்ணீரை அடித்துவிட்டு அத்தனையையும் எழுதினேன்.

ஊர் நூலகமான வாயனசாலையில் ஒரு ஞாயிறு சாயங்காலம் கதை வாசிக்கக் கூப்பிட்டார்கள். முன்வரிசையில் பெரியப்பா. வாசலோரம் அக்கா நின்றிருந்தார். அவரை வரச் சொன்னது நான்தான், மடத்தனம். அவர் குடியிருக்கும் வீடு பெரியப்பாவின் நிலத்தில் இருக்கிறது. பெரியப்பாவுக்குக் கோபம் வந்தால் ஒரே பேச்சில் வீடும் போகும், வேலையும் போகும். அக்கா சொன்ன டம்ளர் வரி நெருங்கியது. விட்டுவிட்டுத் தாண்டிப் போகலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் படித்துவிட்டேன்.

"உங்க தென்னைக்கு என்ற கைத்தண்ணி ஆகுது. உங்க டம்ளருக்கு மட்டும் என்ற கை ஆகாதுங்களா?"

பெரியப்பா எழுந்துவிட்டார். "இது நம்ம ஊட்டுச் சங்கதியாட்ட இருக்குது. எவ சொன்னா இத?"

"கற்பனைங்க பெரியப்பா" என்றேன். அக்காவைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டேன். உண்மையில் எனக்குப் பயம், அவ்வளவுதான்.

"கற்பனை இல்லீங்க" என்று வாசலிலிருந்து குரல் வந்தது. "நான் சொன்னதுங்க."

எல்லோரும் திரும்பினார்கள். பெரியப்பாவின் கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு நின்றது. அக்கா அவரைப் பார்க்கவே இல்லை, என்னைத்தான் பார்த்தார்.

"ஊட்டுச் சாமானெல்லாம் மத்தியானமே கட்டி வெச்சுட்டுத்தானுங்க வந்தேன். மீதியப் படிங்க அம்மிணி."