மாப்பிள்ளைக்குக் கடைசி ஓட்டம்

அந்த ஓட்டத்தில் நான் சேர்ந்தது வீம்புக்குத்தான். உடல்நலம், ஊர் ஒற்றுமை என்று அதை நடத்திய ஆலங்குடா விடுதிக்காரர்கள் ஒலிபெருக்கியில் சொன்னதெல்லாம் மற்றவர்களுக்கு. தங்கச்சியைக் கட்டியவரின் வீட்டாருக்கு நாங்கள் யாரென்று காட்ட வேண்டும், அதுதான் எனக்கு.

நாலு பேர் ஓடும் அஞ்சலோட்டம். பாலாவி உப்பளத்து வரம்புகளில் தொடங்கி, தோட்டப் பாதைகளால் வடக்கே குறிஞ்சிப்பிட்டி வரை போய், அங்கிருந்து பற்றைக்காட்டுக்குள்ளால் மேற்கே கடலுக்கு இறங்கி, கரையோரமாகத் தெற்கே திரும்பி ஆலங்குடாவில் முடியும். கோலுக்குப் பதில் ஒரு சிவப்புக் கைப்பட்டி. ஒருவர் கழற்றி அடுத்தவர் கையில் மாட்டிவிட வேண்டும். எங்கள் அணியில் மாப்பிள்ளையும் அவருடைய மூத்த சகோதரரான நானாவும், நானும் வாப்பாவின் தம்பியான என் சாச்சாவின் மகனும். வீட்டுக்கு இரண்டு பேர் என்பது வாப்பாவின் ஏற்பாடு. அப்படிச் செய்தால் சம்பந்தம் இறுகுமாம்.

மாப்பிள்ளையின் நானாவை எனக்குக் கண்ணில் காட்டக் கூடாது. தென்னந்தோட்டமும் லொறிகளும் உள்ள மனிதர். வாப்பாவும் உம்மாவும் தொண்ணூறில் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு உடுத்த துணியோடு வந்தவர்கள். நான் பிறந்ததே புத்தளத்து மண்ணில். ஆனாலும் கலியாண வீட்டில் எங்கள் சனம் இருந்த பக்கம் கையைக் காட்டி, "அது அகதி ஆக்களுட பகுதி" என்று யாருக்கோ வழி சொன்னார் அவர். கேட்டால், வழிதானே சொன்னாராம். மாப்பிள்ளை பக்கத்தில்தான் நின்றார். வாயைத் திறக்கவில்லை.

அந்த மாப்பிள்ளை இப்போது எங்கள் வீட்டோடு இருக்கிறார். பெண் வீட்டில் வந்து இருப்பது எங்கள் வழக்கம்; அவர் கை வைக்குமுன் வேறு யாரும் சாப்பாட்டில் கை வைக்காததும் வழக்கம்தான். பாணும் பருப்புமானாலும் முதலில் அவருக்கு. பொரித்த மீனில் நடுத்துண்டு அவருக்கு. மின்விசிறிகூட அவர் பக்கமே பார்த்துக்கொண்டு நிற்கும். நான் முகத்தைச் சுளித்தால் தங்கச்சி குசினிக்குள் கூப்பிட்டுச் சொல்வாள்.

"அவர் நல்ல மனிசன் நானா. அவங்கட நானாக்குப் பயம், அவ்வளவுதான். ஒரு நாளைக்கி எங்களுக்காக வாய் திறப்பார், பாருங்களேன்."

அந்த ஒரு நாளுக்காக அவள் காத்திருந்தாள். அவளுக்காக நானும் காத்திருந்தேன், நம்பிக்கையில்லாமல்.

யார் எந்தப் பகுதியை ஓடுவது என்று பேசியபோதே எனக்குக் கொதித்தது. நான் கரைவலை இழுக்கிறவன். மணலும் தெற்கத்திச் சோளகக் காற்றும் என் காலுக்குப் பழக்கம். கடைசிப் பகுதி முழுக்கக் கடல் மணல், அதுவும் காற்றுக்கு நேர் எதிரே. அதை யார் ஓட வேண்டும் என்று எந்த மடையனுக்கும் தெரியும். மாப்பிள்ளையின் மூத்தவர் எங்கள் வீட்டுக் கதிரையில் சாய்ந்துகொண்டு, "கடைசியா வாறவனத்தான் போட்டோ எடுப்பாங்க. மாப்பிள்ளைய வெச்சிக்கிட்டு மச்சான்காரனா முன்னுக்கு வாற?" என்றார். வாப்பா உடனே தலையாட்டினார். காற்றைப் பார்க்காமல் நாங்கள் ஒரு நாளும் வலை வளைத்ததில்லை. அன்றைக்குக் காற்றை விட்டுவிட்டு மரியாதையைப் பார்த்து ஆள் வைத்தோம். வேறெந்த அணிக்கும் இந்தப் புத்தி வந்திருக்காது.

ஓட்டத்தன்று மூத்தவர் உப்பள வரம்பில் வயிற்றைத் தூக்கிக்கொண்டு ஓடி, நாலாவதாக வந்து பட்டியைக் கொடுத்தார். சாச்சா மகன் வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவே இரண்டு பேரைப் பிடித்தான். குறிஞ்சிப்பிட்டியில் பட்டி என் கைக்கு வந்தபோது முன்னால் ஒரே ஒருவன்தான், கறுப்புக் கண்ணாடி போட்ட கொழும்புக்காரன். அவனைப் பற்றைக்காட்டில் தாண்டினேன். கோபத்தில் ஓடினால் எனக்கு மூச்சு வாங்காது. குதிகாலில் முள் ஏறியதுகூடக் கடலைக் கண்ட பிறகுதான் தெரிந்தது.

மாப்பிள்ளை கரையில் நின்றார், அவர் நானா வாங்கிக் கொடுத்த புது வெள்ளைச் சப்பாத்தோடு. நானே பட்டியை மாட்டிவிட்டேன்.

"மச்சான், நாமதான் முதலாவது. பின்னால ஒருத்தனையும் காணல்ல. அலையோரமாப் போங்க, ஈர மண்தான் இறுக்கம்."

"ஓம், ஓம்" என்றார்.

ஓடி முடித்தவர்களை ஏற்றிக்கொண்டு வண்டி கரைப்பாதையால் ஆலங்குடாவுக்குப் போனது. தென்னைகளின் இடைவெளியில் அவரைப் பார்த்தேன். சப்பாத்து நனைந்துவிடக் கூடாதென்று அலையை விட்டு மேலே, பொதபொதவென்ற மணலில் ஓடிக்கொண்டிருந்தார். ஒரு காலை இழுத்தெடுப்பதற்குள் மற்றது புதைந்தது. காற்று அவருடைய சட்டையை ஊதிப் பின்னுக்குத் தள்ளியது. நான் கத்தினேன், காற்றில் எனக்கே கேட்கவில்லை. அடுத்த இடைவெளியில் நடந்தார். அதற்கடுத்ததில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். கொழும்பு அணியின் ஆள் அவரைத் தாண்டினான், பிறகு இன்னொருவன், அதன் பிறகு நான் எண்ணவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

முடிவிடத்தில் இரண்டு வீட்டுச் சனமும் நின்றது. தங்கச்சி கையில் வெட்டிய செவ்விளநீர் ஒன்று, மாப்பிள்ளைக்கு. அவர் தள்ளாடி வந்து மணலில் குந்தினார். போட்டோ எடுக்க ஒருவரும் வரவில்லை. மூத்தவர் சுற்றிவரப் பார்த்துவிட்டு, எல்லாருக்கும் கேட்க ஆரம்பித்தார்.

"மூணாவது ஆள் பிந்திக் கொண்டுவந்து குடுத்தா கடைசி ஆள் என்ன செய்ற? அகதி ஆக்களுக்கு ஓடவாவது தெரியும் எண்டு நினைச்சன். அதுவும் தெரியல்ல."

சிலர் சிரித்தார்கள். வாப்பா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். இல்லாவிட்டால் அங்கே அடிபிடிதான். ஆனால் முதலாவதாகத்தான் பட்டியைக் கொடுத்தேன் என்பதை நான் சொல்லிப் பயனில்லை, சொல்ல வேண்டியவர் மணலில் குந்தியிருந்தார். தங்கச்சி அவர் முன்னால் போய் நின்றாள்.

"நீங்க சொல்லுங்க. பட்டி உங்கட கைக்கு வரக்குள்ள நாங்க எத்தினாவது?"

அவர் அவளைப் பார்த்தார். பிறகு அவருடைய நானாவைப் பார்த்தார். குனிந்து சப்பாத்தைக் கழற்றி, உள்ளிருந்த மணலைத் தட்டினார். சப்பாத்தில் ஒரு துளி ஈரமில்லை. தட்டி முடிந்ததும் மற்றக் காலில் இருந்ததையும் கழற்றித் தட்டினார்.

நாங்கள் பட்டி மாற்றிய இடத்தில் தங்கச்சி இருக்கவில்லை. அவர் பேசாமல் இருந்ததிலேயே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அவர் இளநீருக்குக் கையை நீட்டினார். அவள் அந்தக் கையைத் தாண்டி வந்து அதை என்னிடம் தந்தாள்.

"குடிங்க நானா."

"புள்ள..." என்றார் வாப்பா, தாழ்ந்த குரலில்.

"முதலாவதா வந்தவருக்கு முதல்ல, வாப்பா" என்றாள்.

சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். மூத்தவர் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு லொறிப் பக்கம் நடந்தார். நான் மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தபடியே, சொட்டு மிச்சம் வைக்காமல் ஆற அமரக் குடித்தேன். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

வெறுங்கோம்பையை அவள் திருப்பி வாங்கினாள். அப்போதுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். இத்தனை நாளாக அவள் சொல்லிக்கொண்டிருந்த அந்த ஒரு நாள் வந்து, முடிந்தும் போயிருந்தது. இனி வீட்டுக்குப் போய் அவருக்கு அவள்தான் சோறு போட வேண்டும்.