ராகு காலத்து நாடாக்கள்

வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு ராகு காலம் தொடங்குகிறது. பத்து இருபதுக்கே ஞானப்பூ மொபெட்டை மிதித்துக் கிளப்பிவிடுவார். பின்னால் அவர் பட்டறையில் தறி ஓட்டும் ராக்கம்மாள், இருவருக்கும் நடுவே ஒரு துணிப்பை, பைக்குள் நைலான் நாடாத் துண்டுகள். திருச்சுழி சாலையில் இருக்கும் தம் பட்டறையிலிருந்து பாலிடெக்னிக் ஆய்வகம் போய்ச் சேரும்வரை எவர் கைகாட்டினாலும் நிற்பதில்லை. "பெறகு பேசுவோம், ராகு காலம் போயிரும்!" என்று கத்திக்கொண்டே போவார். அருப்புக்கோட்டையில் ராகு காலம் போய்விடுமே என்று பதறுகிற ஒரே ஆள் அவர்தான்.

காரணம் எளிது. ஒரு பொருளை இழுத்து அறுத்து வலுப் பார்க்கும் இயந்திரம் அந்த ஆய்வகத்தில் ஒன்றே ஒன்று. பாலமும் பள்ளிக்கூடமும் கட்டுகிற காண்ட்ராக்டர்கள் கம்பிச் சோதனைக்கு அதன்முன் வரிசை கட்டுவார்கள். ராகு காலத்தில் மட்டும் ஒருவரும் தம் கம்பியை அதில் மாட்டமாட்டார். சிமெண்டில் மணலைக் கூட்டிப் போடக் கூசாத கைகள் ராகுவுக்கு நடுங்கும். அவர்கள் வேண்டாமென்று விட்ட ஒன்றரை மணி நேரத்தை ஞானப்பூ எடுத்துக்கொண்டார். வாரம் முழுவதற்குமான ராகு காலப் பட்டியல் அவர் பட்டறைச் சுவரில் ஒட்டியிருக்கிறது.

அந்தப் பெண்மணிக்கு வயது நாற்பத்து மூன்று. எட்டுக் குறுந்தறிகள், அவற்றில் நெய்ய ஏழு பெண்கள். நூற்பாலைகளில் கதிர்களைச் சுழலவைக்கும் நாடாவை நெய்து விற்பது தொழில். சிறு தொழில் கூடங்கள் விண்வெளி ஆராய்ச்சியில் இறங்க மத்திய அரசு நிதி தருகிறது என்ற விளம்பரத்தை 1990இல் செய்தித்தாளின் ஒரு மூலையில் பார்த்தார். மேலே போன சிறு ராக்கெட்டின் கருவிப்பெட்டி கடலில் மெல்ல இறங்க ஒரு பாராசூட் வேண்டும். அந்தப் பாராசூட் முழுத்துணி அல்ல. இரண்டு விரல் அகல நாடாக்களை இணைத்துத் தைப்பது. நாடா வெளிநாட்டிலிருந்து வருகிறது. இங்கேயே நெய்ய முடியுமா என்பது கேள்வி.

"டேப்புதான கேக்காக? நிலாவயா கேக்காக?" என்று சொல்லி விண்ணப்பத்தைத் தபாலில் போட்டுவிட்டார்.

முதல் கட்ட நிதி வந்தது; அதில் ஒரு புதுத்தறி வாங்கினார். நாடா நானூற்றைம்பது கிலோ இழுவையைத் தாங்குவதை ஒரு குழுவின் கண்முன் காட்டினால்தான் இரண்டாம் கட்டம். இல்லையென்றால் புதுத்தறி நின்றுபோகும். அதை நம்பி வந்த மூன்று பெண்கள் மானாவாரி நிலத்துக்கும் வேலிக்கருவேலங்காட்டுக்கும் திரும்புவார்கள்.

எதைக் கண்டாலும் அது எங்கே அறும் என்று பார்ப்பது அவர் சுபாவம். பரளச்சி பஸ்ஸில் முன்னால் நிற்பவரின் பையின் காதை இழுத்துப் பார்த்து, "அண்ணே, இது இன்னும் ரெண்டு மாசந்தேன். தேங்கா கீங்கா வச்சுராதீக" என்பார். நரிக்குடியில் ஆடு வாங்கப் போனவர், ஆட்டை விட்டுவிட்டு அதன் கயிற்றுக்கு விலை கேட்டார் என்று ஒரு கேலி உண்டு. அவர் மறுப்பதில்லை. "கயிறு நல்ல கயிறு. ஆடுதேன் சரியில்ல" என்பார்.

ஞாயிறுதோறும் ஆலயம் போகிற குடும்பம்தான். ஆனால் புதுத்தறிக்கு ஜெபம் செய்ய வந்த போதகரிடம் அவர் சொன்னது இது: "டேப்ப இழுத்து முடிச்ச பெறகு ஜெபம் பண்ணுங்கய்யா. முந்தியே பண்ணிட்டா எது தாங்குச்சுன்னு எனக்குத் தெரியாமப் போயிரும்ல." போதகர் சிரித்துவிட்டு, காப்பி மட்டும் குடித்துப் போனார். ஆராய்ச்சி என்றால் என்ன என்பதை இதைவிடச் சுருக்கமாக நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

முதல் ஆண்டு முழுக்கத் தோல்வி. முந்நூற்று எண்பதிலேயே நாடா அறுந்தது. ஞானப்பூ நூலைக் குறை சொன்னார், நூலை மாற்றினார், மாற்றியதும் அறுந்தது. அறுந்த நாடா ஒவ்வொன்றையும் தேதி எழுதிக் கம்பியில் மாட்டி வைப்பது பட்டறை விதி. மாட்டுவது ராக்கம்மாளின் வேலை. பரளச்சியிலிருந்து பஸ்ஸில் வருகிறவர். மழை பொய்த்த வருடம் தறிக்கு வந்தவர். அறுபதாவது நாடாவை மாட்டிய அன்று அவர் கேட்டார்.

"ஏங்க்கா, எல்லாம் எடப்பக்கத்துலயே பிரியுதே, பாத்தீகளா?"

"எங்க?"

"இந்தா பாருங்க. குறுக்க ஓடுற ஊடை நூலு போயித் திரும்புற எடத்துல இறுக்கிப் புடிக்கிது. பாவாடை நாடாவ ஒரு பக்கமா இறுக்குனா அந்தப் பக்கந்தேன மொதல்ல பிய்யும்?"

ஞானப்பூ அறுபதையும் இறக்கிப் பார்த்தார். அறுபதும் இடப்பக்கம்தான். "எம் மண்டையில என்னடி இருந்துச்சு இத்தன நாளா?" என்று தம்மையே திட்டிக்கொண்டார். ஊடையின் இறுக்கத்தை ராக்கம்மாளே தளர்த்தினார். அடுத்த வாரம் நானூற்றுப் பத்து; மூன்று மாதத்தில் நானூற்று எழுபது.

குழு போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. மூன்று அதிகாரிகள், ஒரு கார். தலைவர் முப்பது ஆண்டு விஞ்ஞானி. ஆய்வகத்தில் நுழைந்ததும் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பத்தே முக்கால்.

"நல்ல காரியம் மேடம். பன்னிரண்டு மணிக்கு மேல வெச்சுக்கலாமே. அதுவரை டீ சாப்பிடுவோம்."

"பன்னெண்டுக்கு மேல பாலத்துக் கம்பி வந்துரும் சார். நமக்கு மிசினு கெடைக்காது. நீங்க டீயக் குடிங்க, நாங்க இழுத்துக்கிறோம்."

"இல்ல, ஒரு மனத் திருப்திக்காகத்தான்..."

"சார், ராக்கெட்டு விடுறப்ப காத்தப் பாப்பீகளா, பஞ்சாங்கத்தப் பாப்பீகளா?"

கூட வந்த இளைய அதிகாரி இருமலுக்குள் சிரிப்பை மறைத்தார். ஆய்வக உதவியாளர் மாரிச்சாமி அதோடு விடவில்லை. "இந்தம்மா ரெண்டு வருசமா ராகு காலத்துலதேன் சார் இழுக்காக. நல்ல நேரம் பாத்து வார காண்ட்ராக்டருக கம்பிதேன் பட்டு பட்டுன்னு போகுது!"

வானத்தில் ராகு என்று ஒரு கோள் இல்லை என்பது அந்தத் தலைவருக்குத் தெரியும். தெரிந்ததைச் சொல்லித்தான் அவர் சம்பளம் வாங்குகிறார். கடைசியில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

பத்து நாடாக்கள். இயந்திரத்தின் முள் ஏறியது. ஒவ்வொன்றும் படாரென்று அறுந்தபோது அதிகாரிகள் திடுக்கிட்டார்கள். ராக்கம்மாள் மட்டும் குனிந்து, எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டிருந்தார். பத்தில் மிகக் குறைந்தது நானூற்று அறுபத்திரண்டு. தலைவர் எழுந்து நின்று கை கொடுத்தார். அதில் பொய் இல்லை.

பிறகு ஞானப்பூ எழுதிக் கொடுத்திருந்த அறிக்கையை மேசையில் பிரித்தார். இரண்டாம் கட்டத்துக்கு அவர் கையெழுத்திட வேண்டிய தாள். 'ஆய்வாளர்கள்' என்ற தலைப்பின்கீழ் இரண்டு பெயர்கள் தட்டச்சாகியிருந்தன: ஞானப்பூ, பி.எஸ்ஸி. அதற்குக் கீழே ராக்கம்மாள். அவர் பெயருக்கு நேரே கல்வித் தகுதி என்ற கட்டம் காலி.

"இது யாரு?"

"இந்தா நிக்கிதே, இவதேன் சார். பிழை எங்கன்னு கண்டுபிடிச்சது இவ. அறிக்கையில எழுதியிருக்கேன்."

"பாராட்டுறேன். ஆனா இந்தக் கட்டம் காலியா இருந்தா மேலே ஆட்சேபம் வரும். ஃபைல் திரும்பிடும். நன்றி சொல்ற பக்கத்துல 'தொழிலாளர்கள்'னு போட்டுடலாம்."

ராக்கம்மாள் ஞானப்பூவின் சேலையைப் பிடித்து இழுத்தார். "எம் பேரு என்னத்துக்குக்கா? வேல நடந்தாச் சரி. விட்டுருங்க."

"நீ சும்மா இரு."

இந்த நாட்டில் எத்தனையோ பேர் கண்டுபிடித்தவை 'தொழிலாளர்கள்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் புதைந்து கிடக்கின்றன. பிழையைக் காணக் கண் போதும். பெயர் போடத்தான் பட்டம் கேட்கிறார்கள்.

தலைவர் பொறுமையாகவே சொன்னார்: "உங்க டிகிரியப் பார்த்துத்தான் மேடம் முதல் கட்டமே கொடுத்தாங்க. யோசிச்சுப் பாருங்க."

ஞானப்பூ யோசித்த மாதிரி தெரியவில்லை. மாரிச்சாமியிடம் ஓர் அளவுகோலைக் கேட்டு வாங்கினார். அதைத் தம் பெயருக்கு நேரே வைத்து, பி.எஸ்ஸி. என்ற எழுத்துகளின் மேல் நேராக ஒரு கோடு இழுத்தார். திருத்தத்துக்கு ஓரத்தில் சுருக்கொப்பம் இட்டார். பிறகு தாளைத் தலைவர் பக்கம் திருப்பி, பேனாவை மூடி போடாமலே அதன்மேல் வைத்தார்.