ஈர முற்றத்தில் நடந்து காட்டிய கால்

தரையைக் கண்டு பயந்தேன் என்று சொன்னால் எங்கள் தெருவில் சிரிப்பார்கள். நாற்பது வருஷம் தரை போட்டுப் பிழைத்தவன் நான். சிமெண்டுத் தரை, மொசைக், கடப்பா கல், கருங்கல், கடைசியில் வந்த டைல்ஸ் எல்லாம் இந்தக் கையால் போட்டாயிற்று. ஆனாலும் மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் இருந்த ஒரு வீட்டு முற்றத்தை நினைத்தால் இன்றைக்கும் பயம்தான். எனக்கு எழுத வராது. நான் சொல்லச் சொல்ல மகள் எழுதுகிறாள். பேச்சு வேறு பக்கம் போனால் "விஷயத்துக்கு வாப்பா" என்கிறாள். வருகிறேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நடந்தது. வீட்டுக்காரர் பேங்க் வேலையில் இருந்து ரிட்டயர் ஆனவர். நான் சார் என்பேன். அவர் மனைவியை மாமி என்பேன். அதற்கு முன்னாலேயே அந்த வீட்டில் மாடி ஒழுகலை அடைத்திருக்கிறேன், கிணற்றுக்குச் சுவர் எடுத்திருக்கிறேன். மாமி காபி கொடுத்தால் டம்ளர் தனிதான், ஆனால் காபி நல்ல காபி. பக்கத்துச் சந்து வழியாகத்தான் பின்பக்கம் போவேன். சமையலறைக்குள் கால் வைத்ததில்லை.

சமையலறையின் பின்கதவுக்கும் குளியலறைக்கும் நடுவில் வானம் பார்த்த முற்றம். மூன்று கட்டில் போடலாம், அவ்வளவு இடம். குறுக்கே துணி உலர்த்தும் கொடி. தரை சிமெண்டு பெயர்ந்து குழி குழியாகக் கிடந்தது. பம்பாயில் கட்டிக்கொடுத்த ஒரே பெண் பிரசவத்துக்கு வருகிறாள் என்றார்கள். இரண்டு முறை தங்காமல் போய் மூன்றாவது இது. குளிக்க, கொள்ள எல்லாவற்றுக்கும் அந்த முற்றத்தைத்தான் தாண்டியாக வேண்டும். அவள் வருவதற்குள் தரை போட வேண்டும், எந்தத் தரை என்பதில்தான் இரண்டு பேருக்கும் தகராறு.

"அடையாறுல ஒரு சிநேகிதர் ஆத்துல பார்த்தேன் மேஸ்திரி," என்றார் சார். "பீங்கான் டைல்ஸ். குனிஞ்சா மூஞ்சி தெரியறது. ஒரு சொம்பு ஜலம் விட்டா அழுக்கெல்லாம் ஓடிண்டு போயிடறது."

"மூஞ்சி பார்க்கக் கண்ணாடி இருக்கு," என்றாள் மாமி. "வயத்துப் பிள்ளைக்காரி நடக்கப் போற இடம். எனக்குக் கல்லுதான். கொத்தின கருங்கல்லு."

"கல்லுல பாசி பிடிக்காதா? அது வழுக்காதா? வெயில் நாள்ல அப்பளம் பொரிக்கலாம் அதுல."

"அப்பளம் நான் அடுப்புல பொரிச்சுக்கறேன்."

இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கல் சொரசொரப்பு, மழையில் கால் பிடிக்கும். தேய்த்துக் கழுவாமல் விட்டால் பாசி ஏறும் என்பதும் உண்மை. டைல்ஸில் பாசிக்கு இடமில்லை, பத்துப் பேர் வந்து போனாலும் ஒரு துடைப்பில் பளிச்சென்று ஆகிவிடும். கடைசியில் இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த வருஷம் எனக்கு முதுகு விட்டுப்போயிருந்தது. ஒரு கருங்கல் பலகையைப் பிடித்துத் திருப்பினால் இடுப்பில் கத்தி இறங்கும். டைல்ஸ் என்றால் அட்டைப் பெட்டியில் வரும், உட்கார்ந்த இடத்தில் ஒட்டிக்கொண்டே போகலாம். யாரிடமும் இதைச் சொல்லவில்லை. வாய் மட்டும் "பீங்கானே போட்டுடலாம் சார்" என்றது.

மாமி விடவில்லை. "வழுக்காதுன்னு நீங்க சொல்லுங்கோ, ஒத்துக்கறேன்."

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. தரை போடுகிறவன்தான் முதலில் தண்ணீர் ஊற்றி வெறுங்காலோடு நடந்து காட்டுவான். அவன் நடந்த பிறகுதான் வீட்டுக்காரர் கால் வைப்பார். மாதிரிக்கு வந்திருந்த ஆறு டைல்ஸைத் தரையில் அடுக்கி, மாமியிடம் சொம்பு வாங்கித் தண்ணீர் விட்டேன். செருப்பைக் கழற்றினேன். நடந்தேன், திரும்பினேன், ஒற்றைக் காலிலும் நின்றேன்.

"அசையல மாமி. என் காலு மேல சத்தியம்."

"சரி, உங்களை நம்பி எம் பொண்ணு நடப்பா," என்று உள்ளே போய்விட்டாள்.

எட்டு நாளில் முடித்தேன். குளியலறைப் பக்கமாகத் தண்ணீர் ஓட வாட்டம் கொடுத்து, மூலை எல்லாம் சுத்தமாக வெட்டி ஒட்டினேன். அவ்வளவு நேர்த்தியான வேலை நான் அதிகம் செய்ததில்லை. பெண்ணும் வந்தாள். மழை இல்லாத நாட்கள். காய்ந்த தரையில் எந்தக் காலும் நிற்கும்.

அதற்குப் பிறகு ஐப்பசி மழை பிடித்தது. பட்டினப்பாக்கத்தில் எங்கள் வீட்டுக் கூரை தகரம், மழை அடித்தால் பேசுவது காதில் விழாது. காலையில் எழுந்து உட்கார்ந்திருந்தேன். என் மனைவி மீன் ஸ்டாலுக்குக் கிளம்புகிற அவசரத்தில் போர்வையை மடித்தாள். கால்மாட்டில் நீளமாகக் கிழிந்திருந்தது.

"இன்னாய்யா இது? புதுப் போர்வை. இதையும் கிழிச்சி வெச்சிக்கீற."

"நான் இன்னா பண்ணேன்?"

"நீ ஒண்ணும் பண்ணல. உன் காலு பண்ணிச்சி. அது காலா, ரம்பமா? மீன் செதிலு செரைக்க உன் குதிகாலயே ஸ்டாலுக்கு எடுத்துக்கினு போலாம் போலகீது."

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே காலைத் தூக்கி மடியில் வைத்துப் பார்த்தேன். சிமெண்டுப் பால் தின்ற கால். குதிகால் முழுக்கப் பிளவு, பிளவுக்குள் பழைய சுண்ணாம்பு. விரலால் தடவினால் கொத்தின கருங்கல் மாதிரியே இருந்தது. சிரிப்பு அப்படியே நின்றுபோனது. அன்றைக்கு ஈரத்தில் வழுக்காமல் நின்றது டைல்ஸ் இல்லை, என் கால். இந்தக் காலைக் கண்ணாடி மேல் வைத்தாலும் நிற்கும். பம்பாயில் செருப்புப் போட்டு வளர்ந்த மெத்துக் கால், அதுவும் எண்ணெய் தேய்த்துக் குளிக்கப் போகிற கால், அங்கே எப்படி நிற்கும்?

எனக்கு நந்தனம் ஞாபகம் வந்துவிட்டது. வயசுக்காலத்தில் அங்கே ஒரு ஆபீஸ் கட்டடத்தில் வேலை. மழைத் தூறலில் சாரப்பலகை நனைந்திருந்தது. கலவைச் சட்டி தூக்கிவந்த சித்தாள் பெண்ணுக்கு ஐந்து மாசம். பலகையில் கால் சறுக்கிய சத்தம் பெரியதில்லை, ஈரத் துணியைத் தரையில் போட்ட மாதிரிதான். பெண் பிழைத்தாள். வயிற்றில் இருந்தது போய்விட்டது. கூட இருந்த பெண்கள் சேலையை மறைப்புப் பிடித்து அவளைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தம்தான் இப்போது தகரக் கூரைக்குள் கேட்டது.

போன் பண்ணலாம் என்றால் நம்பர் தெரியாது. மூலையில் சாக்கு இரண்டு கிடந்தது. சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டேன்.

"அது மீன் சாக்குய்யா. ஐயரு வூட்டுக்கா எடுத்துக்கினு போற? வாசல்லயே தொரத்துவாங்க," என்றாள் மனைவி.

மழையில் இறங்கி நடந்தேன்.

பஸ்ஸுக்கு நிற்கப் பொறுமை இல்லை. சாந்தோம் ரோடு முழுக்கத் தண்ணீர். செருப்பு அறுந்துகொண்டது, விட்டுவிட்டேன். தார் ரோட்டிலும் சேற்றிலும் சிமெண்டுப் பலகை போட்ட சாக்கடை மேலும் வேகமாக நடந்தேன், ஒரு இடத்திலும் கால் தப்பவில்லை. தப்பாமல் போகப் போகத்தான் எனக்குப் பயம் ஏறியது. ஒரு முறையாவது வழுக்கி விழுந்தால், எல்லார் காலும் மாதிரிதான் என் காலும் என்று நினைத்துக்கொள்ளலாம். அந்தப் பெண் எத்தனை மணிக்குக் குளிப்பாள்? வேலை நடந்தபோது மாமி சொல்லியிருக்கிறாள், காலையிலேயே வெந்நீர் போட்டுவிடுவேன் என்று. கோயில் மணி அடித்தது. எத்தனை தரம் அடித்தது என்று எண்ணவில்லை.

வாசல் கதவு திறந்திருந்தது. சார் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மாமி கூடத்தில் பூ தொடுத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன மேஸ்திரி, இந்த மழைல?"

"பொண்ணு எங்க சார்?"

"இப்பத்தான் குளிக்கப் போனா. ஏன்?"

அந்த நேரம் பின்பக்கம் பித்தளைப் பாத்திரம் விழுகிற சத்தம் கேட்டது. விழுந்து உருண்டுகொண்டே போனது. சந்து வழியாகப் போக எனக்குத் தோன்றவில்லை. சேற்றுக் காலோடு அந்தச் சமையலறைக்குள் ஓடினேன்.

பெண் முற்றத்தின் நடுவில் நின்றிருந்தாள். இரண்டு கையாலும் தலைக்கு மேல் கொடியைப் பிடித்திருந்தாள். ஒரு கால் முன்னால் போய்விட்டது. அதை இழுத்தால் மற்றதும் போகும். கொடி அவள் பாரத்தில் வில்லாக வளைந்திருந்தது. சுவரில் அது கட்டியிருந்த ஆணி பழைய ஆணி என்று எனக்குத் தெரியும்.

"அம்மா, நகர முடியலைம்மா," என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள், சத்தமாகச் சொன்னால் விழுந்துவிடுவேன் என்பது போல.

மாமி இறங்கப் பார்த்தாள். கையை நீட்டித் தடுத்தேன். "வாணாம் மாமி. நீங்களும் வுயுந்துடுவீங்க. என் காலு நிக்கும்."

நின்றது. ஒரு சாக்கை அவள் காலடியில் விரித்து, நகராமல் அதன் ஓரத்தில் என் குதிகாலை ஊன்றினேன். "கொடிய வுட்டுட்டு என் தோளப் புடிச்சிக்கம்மா." அவள் என்னைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தாள்.

"பிடிச்சுக்கோடி," என்றாள் மாமி. "இறுக்கிப் பிடிச்சுக்கோ."

பிடித்தாள். முன்னால் ஒரு சாக்கு, பின்னால் ஒரு சாக்கு, மாற்றி மாற்றிப் போட்டு ஏழு எட்டு அடி வந்திருப்போம். பின்கதவுப் படி வரைக்கும் அவள் நகம் என் தோளில் இருந்தது.

கூடத்தில் உட்கார வைத்தார்கள். அவள் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தாள். "அசையறதாடி?" என்று மாமி கேட்டாள். மறுபடி கேட்டாள். பெண் தலையை ஆட்டினாள், இல்லை என்று. சார் பேப்பரை மடித்துக்கொண்டே இருந்தார், இனி மடிக்க முடியாத அளவுக்கு. வீடு முழுக்க மீன் வாடை. யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் கதவோரம் நின்று நந்தனத்துப் பெண்ணை நினைக்காமல் இருக்கப் பார்த்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. என் வேட்டியில் இருந்து சொட்டிய தண்ணீர் நிலைப்படி வரைக்கும் ஓடியிருந்தது.

"உதைக்கறதும்மா," என்றாள்.

மாமி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

பிறகுதான் சார் என் பக்கம் திரும்பினார். "நீங்கதானே மேஸ்திரி நடந்து காட்டினேள்?"

சுவரைப் பிடித்துக்கொண்டு காலைத் திருப்பி அவரிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். ஒரு விரலால் தொட்டார். தன் காலையும் ஒரு முறை பார்த்துக்கொண்டார். அதற்குமேல் மறைக்க முடியவில்லை, முதுகு விஷயத்தையும் சொல்லிவிட்டேன்.

"முதுகு வலின்னா அன்னிக்கே சொல்லியிருக்கலாமே," என்றாள் மாமி. "தூக்கறதுக்கு வேற ஆளைப் பார்த்திருக்கலாம்." அவள் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மழை விட்டதும் டைல்ஸை உடைத்து எடுத்தேன். பல்லாவரம் பக்கத்தில் இருந்து கொத்துப் போட்ட கருங்கல் வந்தது. தூக்க இரண்டு பேர், மட்டம் பார்க்க மட்டும் நான். அதுவரைக்கும் பெண் சாக்கின் மேல்தான் நடந்தாள். வேலை முடிந்த அன்றைக்குச் சொம்பு நிறையத் தண்ணீர் விட்டுவிட்டு ஒதுங்கி நின்றேன்.

"வழக்கப்படி நீங்கன்னா முதல்ல நடக்கணும்," என்றார் சார்.

"என் காலு வாணாம் சார்."

மாமி இறங்கினாள், மஞ்சள் பூசின காலோடு ஒரு சுற்று நடந்தாள். "பிடிச்சுக்கறது," என்றாள். பிறகு பெண் படிக்கு வந்து நின்றாள். இரண்டு தரம் காலை எடுத்து எடுத்துப் பின்னால் வாங்கிக்கொண்டாள்.

"உங்க காலை இனிமே நம்ப மாட்டேன் மேஸ்திரி," என்று சிரித்தாள். சிரித்தாலும் கை கதவை விடவில்லை.

"நம்பாதம்மா. உன் காலப் பார்த்து நட."

கதவை விட்டாள். ஈரக் கல்லில் ஒவ்வொரு அடியாகப் போய்க் குளியலறைக் கதவைத் தொட்டாள். அங்கேயே திரும்பினாள். திரும்புகிற இடத்தில்தான் கால் போகும், எனக்குத் தெரியும். போகவில்லை. அதே மாதிரி நடந்துவந்து படியேறி உள்ளே போய்விட்டாள்.

"மேஸ்திரி," என்றாள் மாமி, "அந்தச் சாக்கை இப்பவாவது கீழ வெக்கறேளா?"

குனிந்து பார்த்தேன். மீன் சாக்கு இரண்டையும் மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தேன்.