குளிர் தாங்காத ஏர்கோன் வியாபாரி

அருளானந்தம் அண்ணன் இறந்துவிட்டார் என்று வாட்ஸ்அப்பில் வந்தபோது நான் நம்பவில்லை. மலாக்காவின் ஜாசின் வட்டாரத்தில் அவரோடு வியாபாரம் செய்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. ஒருமுறை அவர் கடையை மூடப்போவதாக ஊரெல்லாம் பேச்சு. மூடுவதற்குள் மலிவாக வாங்கிவிடலாம் என்று எல்லோரும் ஓடினோம். பழைய சரக்கு முழுவதும் போனபிறகு புதுப் பெயிண்ட் அடித்து அதே கடையைத் திறந்தார். பேச்சைக் கிளப்பியது யார் என்று இன்றுவரை தெரியாது.

அதனால் கடை எண்ணுக்குப் போன் போட்டு, குரலை மாற்றிக்கொண்டு, ஒன்றரை ஹார்ஸ்பவர் ஏர்கோன் என்ன விலை என்று கேட்டேன். கடைக்கு மேல்தான் வீடு. அவர் மனைவி கிரேஸ் அக்கா எடுத்தார்.

"மணியம், ஒன் கொரல் எனக்குத் தெரியாதா? உண்மைதான்லா. காலையில போயிட்டாரு. சட்டைய மாத்திக்கிட்டு வா."

சட்டையை மாற்றிக்கொண்டு போனேன்.

நாங்கள் இருவரும் ஒரே கம்பெனியின் ஏர்கோன் விற்றவர்கள். அவர் கடை ஜாசினில், என் கடை அதே மாவட்டத்தில் பெம்பானில். அவர் யாழ்ப்பாணத்துக் குடும்பம், அப்பா அரசாங்க ஆபிசில் இருந்தவர். என் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். அதனால்தான் எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை என்று சிலர் சொல்வார்கள். அது தவறு. அவர் யாரையுமே நம்பமாட்டார், அதில் வேற்றுமை பார்த்ததில்லை. லாரியில் சரக்கு வந்தால் ஒவ்வொரு பெட்டியையும் பிரித்துப் பார்ப்பார். "மூடின பெட்டிய நம்பி நான் கையெழுத்துப் போட்டா, அப்புறம் நான்தான் பெட்டிக்குள்ள போகணும்" என்பார். அவர் கடையில் ஏர்கோன் வரிசையாக மாட்டியிருக்கும், ஒன்றுகூட ஓடாது. மேலே காற்றாடி சுற்றும். கேட்டால், "கரண்ட் பில்லு ஒங்கப்பனா கட்டுவான்?" கஞ்சத்தனம் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம். நீங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள்.

நன்றாக விற்ற டீலர்களைக் கம்பெனி ஒரு வருடம் சொகுசுக் கப்பலில் அழைத்துப் போனது. கிள்ளான் துறைமுகத்தில் ஏறி, பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பவேண்டும். சும்மா அழைத்துப் போகிறவர்கள் யாரும் கிடையாது. ஜாசின் மாவட்டத்துக்கு இனி ஒரே டீலர்தான், யார் என்பதை மேனேஜர் லிம் பயணம் முடிந்ததும் சொல்வார் என்ற பேச்சு ஏறும்போதே காதில் விழுந்தது. அறைக்கு இரண்டு பேர். யார் செய்த வேலையோ, என்னையும் அண்ணனையும் ஒரே அறையில் போட்டிருந்தார்கள்.

கப்பலில் கடல் காற்று வாங்கலாம் என்று போனவர்களுக்கு ஏமாற்றம். மேல் தளத்தைத் தவிர எல்லா இடமும் ஏர்கோன். சாப்பாட்டு மண்டபம் மீன்காரனின் ஐஸ் பெட்டி மாதிரி. புக்கெட் வெயிலில் சுற்றிவிட்டு வியர்வைச் சட்டையோடு உள்ளே நுழைந்தால் பல் தந்தியடிக்கும். பெண்கள் சேலைக்குமேல் குளியல் துண்டைப் போர்த்திக்கொண்டு சாப்பிட்டார்கள். மற்ற பயணிகள் கடலைப் பார்த்தார்கள். நாங்கள் டீலர்கள் கூரையைப் பார்த்தோம், காற்று எங்கிருந்து வருகிறது என்று.

எங்கள் அறை மட்டும் குளிரவில்லை. நான் பதினெட்டில் வைத்தாலும் புழுக்கம். கண்ணாடியில் நீர் பூத்தது, தரை பிசுபிசுத்தது. கப்பல்காரன் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கிறான் என்று சந்தேகப்பட்டேன். சுற்றுலாவுக்குப் போனாலும் கால்சட்டைப் பையில் திருப்புளி இருக்கும் ஆள் நான். அண்ணனின் கட்டில் விளிம்பில் ஏறிக் காற்றுத் துவாரத்தின் மூடியைக் கழற்றினேன்.

"கழட்டு, கழட்டு" என்றார் அண்ணன், படுத்துக்கொண்டே. "கப்பல் முழுகினா ஒன் பேரச் சொல்றேன்."

அந்த நேரம் பார்த்து அறைப் பணியாளர் துண்டு மாற்ற வந்தார். என் கையிலிருந்த திருப்புளியைப் பார்த்தார். பால்கனிக் கதவருகே போய், கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் செருகியிருந்த ஒரு காலுறையை உருவி எடுத்துக் கதவை இறுக்கினார். உடனே குளிர் இறங்கியது. அந்தக் கதவு இம்மி திறந்திருந்தாலும் அறைக்குப் போகும் குளிர் தானாக நின்றுவிடுமாம். கடலின் ஈரம் உள்ளே வந்துவிடுமாம்.

காலுறை என்னுடையது அல்ல. அறையில் இருந்தது இரண்டே பேர்.

"காத்துல பறந்து போயி மாட்டியிருக்கும்" என்றார் அண்ணன்.

"மடிச்சுக்கிட்டாண்ணே பறந்துச்சு?"

திரும்பிப் படுத்துக்கொண்டார்.

எனக்கு விஷயம் விளங்கிவிட்டதாக நினைத்தேன். நான் தூக்கமில்லாமல் சிவந்த கண்ணோடு லிம் முன்னால் நிற்கவேண்டும், இவர் பளிச்சென்று நிற்கவேண்டும், அதுதான் திட்டம். போதாததற்கு ஒவ்வொரு சாப்பாடு முடிந்ததும் ஆள் காணாமல் போனார். லிம்மைத் தனியாகப் பார்க்கப் போகிறார் என்று முடிவு கட்டினேன். மறுநாள் மத்தியானம் பின்னாலேயே போனேன்.

இதற்குமேல் எழுதலாமா என்று கிரேஸ் அக்காவிடம் கேட்டேன். "எழுது. இனிமே அவரு யாருக்கு விக்கப் போறாரு" என்றார்.

அண்ணன் லிப்டில் ஏறவில்லை. படியேறி, நீச்சல் குளத்தைத் தாண்டி, கப்பலின் பின்பக்கம் போனார். உள்ளிருந்து சூடான காற்றை வெளியே தள்ளும் ஓர் இடம். சமையல் எண்ணெயும் சலவைச் சோப்பும் கலந்த வாடை. யாரும் நிற்கமாட்டார்கள். அங்கே ஓர் இரும்புப் படியில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் அந்தச் சூட்டில் நீட்டிக்கொண்டிருந்தார். விரல்கள் சுண்ணாம்பு மாதிரி வெளுத்திருந்தன. நகம் நீலம்.

"வந்துட்டியா? வருவேன்னு தெரியும்" என்றார்.

"என்னண்ணே இது?"

"குளிர் பட்டா ரத்தம் ஓடாது. வெரல் செத்துப் போகும். திரும்ப உயிர் வரும்போது ஊசி ஊசியாக் குத்தும். குளிர்ல இருக்காதேங்கிறான் டாக்டர். நான் விக்கிறதே அதத்தான்."

"யாருக்குத் தெரியும்?"

"கிரேசுக்கு. இப்ப ஒனக்கு. ஏர்கோன் ஆகாதவன் ஏர்கோன் விக்கிறான்னு தெரிஞ்சா எவன்லா வாங்குவான்? லிம் கிட்டப் போய்ச் சொல்லு, ஜாசின் ஒனக்குத்தான்."

கெஞ்சவில்லை. கையைத் திருப்பிப் புறங்கையைச் சூட்டில் காட்டினார். அவ்வளவுதான்.

அன்று இரவுச் சாப்பாட்டில் அண்ணன் எனக்கு எதிரே, கைகளைத் தொடைக்கு நடுவில் ஒளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். லிம் எல்லோர் முன்னாலும் மலாயில் என்னிடம் கேட்டார். "ஒங்க ரூம் பார்ட்னர் சாப்பிட்டதும் காணாமப் போறாரே, ஒடம்பு சரியில்லையா? வயசாயிடுச்சோ?"

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை, தட்டைப் பார்த்தார்.

"அவரா? கப்பல்காரன் சூட்ட எந்தப் பக்கம் வெளிய தள்றான்னு பாக்கப் போறாரு பாஸ். அங்கயே நிக்கிறாரு, கூப்பிட்டாலும் வரமாட்டேங்கிறாரு" என்றேன்.

லிம் விழுந்து விழுந்து சிரித்தார். கப்பலிலும் வேலையா என்று அண்ணனின் முதுகில் தட்டினார். ஊர் திரும்பியதும் கம்பெனி இருவரையும் வைத்துக்கொண்டது. மாவட்டத்தைப் பிரித்து, ஜாசின் ஊரும் செலண்டாரும் அவருக்கு, பெம்பான் பக்கம் எனக்கு.

நல்லவன் என்பதால் அப்படிச் சொன்னேன் என்று யாரும் எண்ணவேண்டாம். அண்ணன் போனால் இடம் எனக்குத்தான் என்று லிம் வாக்குக் கொடுக்கவில்லை. மலாக்காவின் பெரிய கடைக்காரர் ஒருவர் அதே மேசையில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார். எனக்கு அண்ணனின் தந்திரங்கள் தெரியும், அந்தக் கடைக்காரருடையவை தெரியாது.

மறுநாள் காலை கப்பலில் பசியாறும்போது அண்ணன் ரொட்டியைத் தொடாமல் கேட்டார்: "ஒனக்கு என்ன வேணும்?"

"ஒண்ணும் வேணாம்ணே."

"ஒண்ணும் வேணாங்கிறவன்தான் பின்னாடி பெருசாக் கேப்பான்."

அன்றிலிருந்து அறையில் இருபத்தைந்துக்குக் கீழே நான் இறக்கவில்லை. துவாரத்துக்கு நேர் கீழே இருந்த அவருடைய கட்டிலை எடுத்துக்கொண்டு என்னுடையதை அவருக்குக் கொடுத்தேன். அதையும் அவர் சந்தேகத்தோடுதான் வாங்கிக்கொண்டார். ஊருக்கு வந்தபிறகு தீபாவளிக்குத் தீபாவளி கேக் கொண்டுவருவார், கேட்பார்: "இப்பவாவது சொல்லு." கிறிஸ்மசுக்கு நான் முறுக்கு கொண்டுபோனால் முறுக்கைக் கடிக்குமுன் கேட்பார். என் மனைவிகூட, "எதையாவது கேட்டுத் தொலைங்களேன், மனுசன் நிம்மதியாத் திங்கட்டும்" என்பாள்.

கடைசியாகப் போனமாதம் பார்த்தேன். மாடி அறையில் ஜன்னல் திறந்திருந்தது, காற்றாடி நின்றிருந்தது. கையில் கம்பளி உறை. பேச்சு இழுத்து இழுத்து வந்தது.

"மணியம், எனக்கு நேரமில்ல. என்ன வேணும்?"

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தவன் அந்தக் கண்ணைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். இந்த மனிதரால் தீராத ஒரு கடனைத் தூக்கிக்கொண்டு போகமுடியாது.

"செலண்டார் வேணும்ணே. ஒங்க கஸ்டமருங்கள எனக்கு விட்டுடுங்க."

முகம் அப்படியே தெளிந்தது. "எடுத்துக்க" என்றார். "ஆனா ஒண்ணு. வீட்டுக்குள்ள போனா காசு குடுக்கிறவன் கிட்ட வெலையப் பேசு. மெஷின எங்க மாட்டுறதுன்னு, வாயத் தொறக்காதவங்க கிட்டக் கேளு. குளிரு அவுங்க மேலதான் விழும்."

இறந்த அன்று வீட்டில் கிரேஸ் அக்கா என்னைத் தனியே அழைத்தார். "அன்னிக்கு நீ போனப்புறம் சிரிச்சாருடா. 'பாத்தியா, கடைசியில கேட்டுட்டான், நான் அப்பவே சொன்னேன்ல'ன்னு. நிம்மதியாத் தூங்கினாரு."

அவருக்காகத்தான் கேட்டேனா என்று நீங்கள் கேட்டால் எனக்கே உறுதியில்லை. செலண்டாரில் புது வீடுகள் பெருகிவருகின்றன. என்னை அறிந்த அவருக்கு அதுவும் தெரிந்திருக்கும்.

ஆக, அவரிடமிருந்து என்னிடம் இருப்பது செலண்டார். போன வாரம் அங்கே ஒரு வீட்டில் கணவர் என்னைப் பேசவே விடவில்லை. கட்டிலுக்கு நேர் மேலே மாட்டு, பதினாறில் வை என்றார். மனைவி கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் அளவெடுப்பதை நிறுத்தினேன்.

"நீங்க எந்தப் பக்கம் படுப்பீங்கம்மா?"