படகு டிரெய்லருக்கு ஒரு முட்டு

கண்மாய்களைக் குத்தகைக்கு எடுத்து மீன் வளர்ப்பது எங்கள் பிழைப்பு. ஒரு ஃபைபர் படகு உண்டு. அதை டிரெய்லரில் ஏற்றி, ஜீப்பில் கட்டி இழுத்துப் போவோம்.

ஒருநாள் காலை அனுமந்தன்பட்டி தாண்டும்போது பின்னால் மடாரென்று சத்தம். இறங்கிப் பார்த்தோம். டிரெய்லரை ஜீப்போடு இணைக்கும் இரும்புச் சட்டம் பாதிவரை விரிசல் விட்டிருந்தது.

என் கணவர் சட்டத்தைக் கயிற்றால் இறுக்கிக் கட்டினார். "பக்கத்துல உங்க அண்ணன் வெல்டிங் பட்டறைதான் இருக்கு. வேணாம்னா கம்பம் டவுனுக்கே மெதுவா உருட்டிருவோம்," என்றார்.

வேதக்காரக் கிறிஸ்தவ வீட்டில் பிறந்த நான் பண்ணைப்புரத்து இந்துக் குடும்பத்தில் விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டவள். நாலு வருஷமாக அண்ணன் என்னோடு பேசவில்லை.

"அண்ணங்கிட்டயே போவோம்," என்றேன்.

அண்ணன் வெளியே வந்து என்னைப் பார்க்காமல் டிரெய்லரைப் பார்த்தார். விரிசலை விரலால் தடவினார்.

"இதை மட்டும் பத்த வச்சா மறுபடி விட்டுரும். அடியில முட்டுக் கொடுக்கணும். முதல்ல படகை இறக்குங்க, பொறி பட்டாக் கருகிரும்."

ஒரு முனையை அவரும் மறுமுனையை என் கணவரும் தூக்கினார்கள். இருவரும் சேர்ந்து ஒரு வேலை செய்து நான் அன்றுதான் பார்த்தேன்.

அண்ணன் பழைய ஆங்கிள் இரும்பை இரண்டு துண்டாக வெட்டினார். சட்டத்திலிருந்து பின்பக்கம் சாய்த்து, பக்கத்துக்கு ஒன்றாக வைக்க வேண்டும். கையுறையை என் பக்கம் நீட்டினார்.

"இங்கன பிடி. கண்ணை மூடிக்க."

நாலு வருஷத்தில் அவர் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை. மூடிய இமைக்குள் வெளிச்சம் சிவப்பாகத் தெரிந்தது. கண்ணீர் வழிந்தது, துடைக்கக் கை இல்லை. அண்ணன் பார்த்திருப்பார்.

சூடு ஆறியதும் சட்டத்தின் மேல் ஏறி நின்று குதித்தார். பிறகு என் கணவரிடம், "நீங்களும் ஏறுங்க மாப்பிள்ளை," என்றார். இரண்டு பேர் கனத்துக்கும் சட்டம் அசையவில்லை.

கிளம்பும்போது ஜீப்புக்குள் குனிந்து, "தவக்காலம். வெள்ளிக்கிழமை வீட்டுல கறி கிடையாது. மீனு கொண்டா," என்றார்.

வெள்ளிக்கிழமை இரண்டு கட்லாவோடு போனோம். கதவைத் திறந்த அம்மா மீனை வாங்கவில்லை. என் கணவரின் கையைப் பிடித்து, "உள்ள வாங்கய்யா. மதியம் சாப்பிட்டுத்தான் போகணும்," என்றார்.