கோர்வைக் கோட்டில் கடுகளவு இடைவெளி

கைத்தறித் தொழில்நுட்ப டிப்ளமாவில் எங்களுக்குப் பதினொரு பாடம். பத்துப் பாடங்கள் நூல், சாயம், தறி பற்றியவை. பதினோராவது, தொழில் மனோதத்துவம். சைக்ளோஸ்டைல் செய்த நாற்பது பக்கக் குறிப்பு. வகுப்பில் அதை யாரும் பொருட்படுத்தவில்லை. எனக்குப் பிடித்திருந்தது, ஏனென்றால் அது பட்டியலாக இருந்தது.

மனிதன் ஏன் இப்படி நடந்துகொள்கிறான் என்ற ஒரே கேள்விக்கு ஐந்து கிளைகள் ஐந்து விதமாகப் பதில் சொல்லின. ஒன்று உடலைப் பார்க்கும்: நரம்பு, கண், களைப்பு. இன்னொன்று பழக்கத்தைப் பார்க்கும்: எதைச் செய்தால் நல்லது கிடைத்ததோ அதை மறுபடி செய்வான், எதற்கு அடி விழுந்ததோ அதை விடுவான். மூன்றாவது அடிமனத்தைப் பார்க்கும்: அவனுக்கே தெரியாத ஆசையும் பயமும். நான்காவது, நினைப்பு. நடந்தது என்ன என்பதைவிட, அதை அவன் என்னவென்று எடுத்துக்கொண்டான் என்பதுதான் அதற்கு முக்கியம். ஐந்தாவது சுற்றியிருக்கும் மனிதர்களைப் பார்க்கும். ஐந்தையும் விரல் மடக்கி மனப்பாடம் செய்து, நல்ல மதிப்பெண் வாங்கினேன்.

படிப்பு முடிந்து காஞ்சிபுரத்தில் ஒரு நெசவாளர் சங்கத்தில் வேலை கிடைத்தது. நெய்து வரும் புடவைகளை மேஜையில் விரித்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து, குறை இருந்தால் குறித்து, காரணம் எழுத வேண்டும். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அந்த மேஜைக்கு வந்த முதல் பெண் நான்தான்.

ஆறாவது மாதம், பிள்ளையார்பாளையத்துத் தறி ஒன்றிலிருந்து வந்த புடவையில் கோர்வை விட்டுப்போயிருந்தது. எங்கள் ஊர்ப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். நூலைக் குறுக்கே கொண்டுபோகும் நாடா உடலுக்கு ஒன்று, கரைக்குத் தனியாக ஒன்று. இரண்டு நூலும் சந்திக்கும் கோட்டில் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள வேண்டும், அதுதான் கோர்வை. தறியில் உட்கார்ந்து நெய்பவரால் இடப்பக்கக் கரைக்குக் கை நீட்ட முடியாது. அங்கே இன்னொருவர் உட்கார்ந்து அந்த நாடாவைத் தள்ளுவார். அவர் ஒரு நொடி தாமதித்தால் நூல்கள் பிடித்துக்கொள்ளாமல் கடுகளவு இடைவெளி விழும். அந்தப் புடவையில் அப்படிப் பதினாறு. அடுத்த புடவையில் பத்தொன்பது.

சங்கத்தில் கணக்கு இதுதான்: ஐந்து இடைவெளி வரை மன்னிப்பு. அதற்கு மேல் போனால் குறை முத்திரை. தொடர்ந்து மூன்று புடவைக்கு முத்திரை விழுந்தால் அந்தத் தறிக்குப் பாவு, அதாவது தறியில் ஏற்றும் நீளவாட்டு நூல், கிடையாது. பாவு இல்லாவிட்டால் தறி சும்மா நிற்கும். அந்த வீட்டில் இருந்தது ஒரே தறி. கணவர் நெய்தார், மனைவி கோர்வை போட்டார். இரண்டு முத்திரை விழுந்துவிட்டது. மூன்றாவது புடவை தறியில் ஏறியிருந்தது.

சங்கச் செயலாளர் என் மனோதத்துவக் குறிப்பைப் படித்ததே இல்லை, ஆனாலும் இரண்டாவது கிளையைச் சேர்ந்தவர். "பயம் காட்டுங்கம்மா. பாவு கெடையாதுன்னு சொல்லுங்க, கை தானா ஒழுங்கா வரும்" என்றார். அவர்களுக்கு அது ஏற்கனவே தெரியும் என்றேன். தெரிந்தும் இடைவெளி கூடியிருந்தது.

நான் முதல் கிளையிலிருந்து ஆரம்பித்தேன். கோர்வை போடும் அந்த அக்காவுக்குப் பார்வை மங்கியிருக்கலாம். அரசு ஆஸ்பத்திரியில் கண் பரிசோதிக்கச் சொல்லிச் சீட்டு எழுதி அனுப்பினேன். மறுநாள் உச்சி வெயிலில் வந்து, அந்தச் சீட்டை என் மேஜையில் வைத்தார்.

"கண்ணு நல்லா இருக்குதாம். ஊசில நூல் கோக்கச் சொன்னாரு, மூணு தபா கோத்துக் காட்டினேன். நீ எதுக்கும்மா வந்தேன்னு டாக்டரே கேக்கறாரு."

"ஒரு சந்தேகத்துக்குத்தான் அக்கா."

"சந்தேகம் என் கண்ணு மேல மட்டும்தானா? தறில இன்னொரு ஜோடி கண்ணு உக்காந்துக்கினு இருக்குதே, அத்த அனுப்ப மாட்டியா?"

அதைக் கோபத்தில் சொன்ன பேச்சு என்று எடுத்துக்கொண்டு, பட்டியலில் முதல் வரியை மட்டும் அடித்தேன்.

மூன்றாவது கிளைக்கு அரைப் பக்கம் எழுதினேன். யார் யாருடைய கல்யாணத்துக்கோ புடவை நெய்து கொடுக்கும் பெண்ணின் அடிமனம், அந்தப் புடவை முடியக்கூடாது என்று நினைக்கிறதோ என்றெல்லாம் போயிற்று. மறுநாள் காலையில் படித்துப் பார்த்து, வெட்கப்பட்டுக் கிழித்துப் போட்டேன்.

பிறகு எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன். இரண்டு புடவைகளிலும் ஒவ்வொரு இடைவெளியும் எத்தனையாவது அங்குலத்தில் இருக்கிறது என்று வரைபடத் தாளில் புள்ளி வைத்தேன். தறியில் பழுதென்றால் புள்ளிகள் ஒரே சீராக வரும். இவை எப்படியோ சிதறிக் கிடந்தன. பழுது தறியில் இல்லை. போய் உட்கார்ந்து பார்ப்பது தவிர வேறு வழி தெரியவில்லை.

ஆடி மாதம், காலை பத்து மணி இருக்கும். அக்காவின் கணவர் தறிக் குழிக்குள் கால் விட்டு உட்கார்ந்திருந்தார். அக்கா இடப்பக்கம் ஒரு மணையில். புடவை ஒரு சாண் ஏறியிருந்தது, அதில் அதுவரை ஓர் இடைவெளி. எனக்கு ஒரு முக்காலி போட்டார்கள்.

தறிச் சத்தம் தவிர வீட்டில் சத்தமே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து அவர் என்னைப் பார்த்து, "தண்ணி வேணுமான்னு கேளும்மா" என்றார்.

"எனக்கு வேண்டாம் அண்ணா."

"உனக்கில்லம்மா."

அக்கா நாடாவை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. "தாகமில்லன்னு சொல்லும்மா."

இருவருக்கும் நடுவே நான்கு முழம்கூட இல்லை.

பாவில் ஓர் இழை அறுந்தது. அவர் நிறுத்தி, முடிச்சுப் போட்டு, ஒன்றும் சொல்லாமல் மறுபடி ஆரம்பித்தார். அக்காவின் நாடா ஒரு நொடி பிந்தியது. நூலை நெருக்கும் பலகை வந்து அடித்தது. குனிந்து பார்த்தேன், கடுகளவு இடைவெளி. ஆடிக் காற்றுக்கு அன்று வழக்கத்தைவிட அதிகமாக இழை அறுந்தது. ஒரு மணி நேரத்தில் மூன்று முறை நிறுத்தினார், மூன்று முறையும் விழுந்தது. முன்பிருந்ததோடு நான்கு.

"மறுபடி ஆரம்பிக்கும்போது சொல்ல மாட்டீங்களா அண்ணா?"

"முன்ன எல்லாம் ஆச்சுன்னு ஒரு கொரல் குடுப்பேன். பேசாதவங்க கிட்ட என்னான்னு சொல்றது?"

"எத்தனை நாளா பேச்சு இல்ல?"

"வைகாசி திருவிழால இருந்து. அவ தம்பி வந்தப்ப நான் சரியா கவனிக்கலன்னு கோவம்."

அக்கா தறியைப் பார்த்துச் சிரித்தார். "தம்பியாம்! கேளும்மா, குழாயடில நாலு பேரு எதிர்ல யாரோ சொன்னாங்களாமே, கோர்வை போடறது என்னா பெரிய வேலை, தூங்கிக்கினே போடலாம்னு."

அவர் கை நின்றது. "அது சும்மா பேச்சுக்குச் சொன்னது."

"நானும் சும்மாதான் இருக்கறேன், பேச்சில்லாம." பிறகு என் பக்கம் திரும்பிக் குரலை மாற்றினார். "வேணும்னு விடலம்மா. பட்டு மேல சத்தியம். எப்ப ஆரம்பிக்கறாருன்னு எனக்கு எப்பிடித் தெரியும்?"

நான்காவது கிளை சொன்னது அப்படியே எதிரில் இருந்தது. இரண்டு மாதமாக அவர் வேறொரு காரணத்தை நினைத்துக்கொண்டு, அதற்குச் சமாதானமும் சொல்லத் தயாராக இருந்திருக்கிறார். ஐந்தாவதும் சரிதான், அதே பேச்சை வீட்டுக்குள் சொல்லியிருந்தால் அக்கா ஒரு வார்த்தை திருப்பிக் கொடுத்துவிட்டு மறந்திருப்பார். சொன்ன இடம் குழாயடி. இதை எல்லாம் நோட்டில் எழுதப் போனவள் நிறுத்தினேன். இருவர் நெய்த புடவையில் குறை வந்ததும் ஒருவரை மட்டும் கண் டாக்டரிடம் அனுப்பியவள் நான். கோர்வைப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்தான் தப்புச் செய்வார் என்று நானும் நினைத்திருந்தேன். குழாயடியில் அவர் சொன்னதை நான் சீட்டில் எழுதிக் கொடுத்திருந்தேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

"அக்கா, அந்தக் கண் சீட்டு என் தப்பு. ரெண்டு பேருக்கும் எழுதியிருக்கணும். இல்ல, எழுதாமயே இங்க வந்திருக்கணும்."

"இப்பவாச்சும் வந்தியே" என்றார்.

நான்கு இடைவெளி ஆகிவிட்டது, இன்னும் ஒன்றுக்குத்தான் இடம் இருக்கிறது, அதற்கு மேல் விழுந்தால் முத்திரை போடாமலிருக்க என்னால் முடியாது என்று இருவருக்கும் சொன்னேன். அவர் தொண்டையைச் செருமினார். பலகையைப் பார்த்து, "ஆச்சு" என்றார்.

அக்கா அசையவில்லை. "யாருக்கு ஆச்சாம்?"

"உனக்குத்தான் சொல்றேன். நாடாவ எடு."

"எடுக்கறது பெரிய வேலையாச்சே."

அவர் என்னைப் பார்த்தார். நான் நோட்டைப் பார்த்தேன்.

"பெரிய வேலதான்" என்றார் கடைசியில்.

"இந்தப் பொண்ணு எதிர்ல சொன்னா ஆச்சா? அன்னைக்கு நாலு பேரு கேட்டாங்க."

அவர் குனிந்து பலகையைப் பிடித்தார். அதற்குள் அக்காவின் கை நாடாவுக்குப் போயிருந்தது. கிளம்பும்வரை இன்னும் இரண்டு முறை இழை அறுந்தது. இரண்டு முறையும் "ஆச்சு" கேட்டது. கோடு விடவில்லை.

இருபது நாள் கழித்து இருவரும் சேர்ந்து புடவையைக் கொண்டுவந்தார்கள். செயலாளரும் வந்து மேஜைக்குப் பக்கத்தில் நின்றார். முதல் சாணில் எனக்குத் தெரிந்த நான்கு. அதற்குப் பிறகு கோர்வைக் கோடு வழுக்கிக்கொண்டு போயிற்று. நான்கு கஜம் தாண்டி ஐந்தாவது வந்தது. முந்தானைவரை வேறில்லை. நம்பாமல் திருப்பிப் போட்டு, முதலிலிருந்து மறுபடி விரல் வைத்துப் பார்த்தேன். ஐந்துதான்.

"இங்க மட்டும் என்ன ஆச்சு அக்கா? அண்ணா சொல்லலையா?"

"சொன்னாரு, சொன்னாரு." முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். "அன்னைக்குக் காலைல ரெண்டு குடத்தத் தூக்கிக்கினு இவரே குழாயடிக்குப் போயி வரிசைல நின்னாரும்மா. என்னாப்பா, ஊட்டுல ஒடம்பு சரியில்லயான்னு கேட்டாங்களாம். அவளுக்குக் கோர்வை வேல இருக்குதுன்னு சொல்லி, தண்ணி புடிச்சுக்கினு வந்தாரு. வந்து உக்காந்து ஆச்சுன்னாரு. இடுப்பெல்லாம் ஈரம். எனக்குச் சிரிப்பு தாங்கல, கை நின்னுபோச்சு."

"பேசனது போதும், பாவ வாங்கு" என்றார் அவர், சுவரைப் பார்த்தபடி.

குறை முத்திரையை நான் கையிலெடுக்கவில்லை. புது பாவுக்குச் சீட்டு எழுதி, செயலாளரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தேன். சீட்டை அக்கா வாங்கிக்கொண்டார். பாவை அவர் தோளில் போட்டுக்கொண்டார். "பாத்துத் தூக்கு, பாத்துத் தூக்கு" என்று சொல்லிக்கொண்டே அக்கா முன்னால் போனார்.